கலவரமும் கல்வியும்

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் நமது பத்திரிகைகளிலே ஒரு புலம்பல் எழுவது வழக்கமாகிவிட்டது. மாகாணங்களை வரிசைப்படுத்தும் பட்டியலிலே வடக்கும் கிழக்கும் எங்கே நிற்கின்றன என்று தேடுகின்றோம். அண்மைக் காலத்திலே சில ஆண்டுகளில் வடமாகாணம் அப்பட்டியலின் அடியிலே காணப்பட்டபோது, கல்வியிலே பெயர் பெற்ற யாழ்ப்பாணத்துக்கு இக்கதி நேர்ந்ததேன் என்று கேட்கப்பட்டது. விடைகளும் உடனே கிடைத்தன. பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே மூழ்கிவிட்டனர், பெற்றோர் கண்டிப்பதில்லை, ஆசிரியர்கள் பிரம்பைக் கீழே வைத்துவிட்டனர், வெளிநாட்டுப் பணம் சோம்பலை வளர்க்கின்றது. இவ்விடைகள் யாவும் பிள்ளையையும் அதன் வீட்டையுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. வரலாற்றை மாத்திரம் எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

பெறுபேற்றுத்தாள் மாணவன் ஒருவனின் திறமையை மட்டும் பதிவு செய்வதன்று. அவன் வாழும் தெருவிலே நிகழ்ந்தவற்றையும், அவனுடைய தாய் தந்தையர் சிறுவராயிருந்தபோது அவர்களுடைய தெருக்களிலே நிகழ்ந்தவற்றையும் அது பதிவு செய்கின்றது. ஆகவே அதனை வரலாற்று ஆவணமாகவும் வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிப்போமாயின், சமூக வன்முறை பிள்ளைகளின் உள்ளத்திலே விளைக்கும் நெருக்கீடு அவர்களது கல்வியை எவ்வாறு தாக்குகின்றது என்பது புலனாகும். அவ்வன்முறை போருடன் தொடங்கியதுமன்று, போருடன் முடிந்ததுமன்று என்பதும் புலனாகும்.

இவ்வரலாற்றை நமது வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை. 1920களின் இறுதியிலே, அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் சாதி பாராட்டாது எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இருக்கை வழங்கவேண்டும் என்ற விதி யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வரலாயிற்று. அதுவரை தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளிலே இடமில்லை. இடம் கிடைத்தவிடத்தும் அவர்கள் தரையிலே இருத்தப்பட்டனர். 'சம ஆசனம்' என்ற அச்சிறு நீதியையும் பொறுக்கமாட்டாத ஆதிக்க சாதியினர் மேலிடத்துக்கு மகஜர் அனுப்பினர். அதனோடமையாது, அப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்குத் தீயும் வைத்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர்கள் தீண்டாமையை எதிர்த்துக் குரல் கொடுத்தனர் என்பது நமக்குப் பெருமை தருவது. ஆனால் ஓலைக் கொட்டிலாயிருந்த தன் பள்ளிக்கூடம் சாம்பலாகிக் கிடப்பதைக் காலையிலே சென்று பார்த்த பிள்ளை அன்று என்ன பாடத்தைக் கற்றிருக்கும்? படிக்கச் செல்வதே தன் குடும்பத்துக்கு ஆபத்தைத் தேடித்தரும் என்ற பாடத்தையன்றி வேறெதனை?

1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நெருப்பை நாம் மறக்கவில்லை; மறத்தலும் ஆகாது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கையாலேயே பள்ளிக்கூடங்களுக்கு வைக்கப்பட்ட நெருப்பை மட்டும் எளிதில் மறந்துவிட்டோம். தீ வைத்தவன் யார் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் அச்சம் கூடுவதோ குறைவதோ இல்லை.

1943 ஆம் ஆண்டிலே கன்னங்கரா குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945 இலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழை விவசாயியின் மகனும் நகரத்துத் தனவந்தரின் மகனும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதலாம் என்ற நிலை பிறந்தது. இந்நாட்டின் உழைக்கும் மக்கள் பெற்ற பேறுகளுள் இது தலையாயது என்பதிலே ஐயமில்லை. ஆனால் வினாத்தாள் ஒன்றாயிருத்தல் மாத்திரம் சமத்துவமாகிவிடாது. விடையெழுதும் பிள்ளை முதல் நாளிரவு உறங்கினானா என்பதையும் கேட்டாக வேண்டும். இலவசக் கல்விக்குப் பின்வந்த அரை நூற்றாண்டு வரலாறு, இந்நாட்டுப் பிள்ளைகளுட் பெருந்தொகையினர் உறங்காத இரவுகளின் வரலாறேயாகும்.

1956 இலே தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958 மே மாதத்திலே நாடெங்கும் கலவரம் மூண்டது. கொழும்பிலே வீடிழந்த தமிழர் தங்குவதற்கு றோயல் கல்லூரி முதலாய இடங்கள் அகதி முகாம்களாக்கப்பட்டன; பின்னர் அவர்கள் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். பாடசாலை அகதி முகாமாவது இந்நாட்டிலே அன்று தொடங்கிய வழக்கமாயிற்று. 1977 ஓகஸ்ட் மாதத்திலும் 1983 யூலையிலும் அதே காட்சிகள் மேலும் கொடுமையாக அரங்கேறின. வகுப்பறையின் வாங்குகள் படுக்கைகளாயின. கரும்பலகையிலே காணாமற்போனோரின் பெயர்கள் எழுதப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது பாடம் படிக்குமிடமாகத் தோன்றாமல், ஓடி வந்து ஒளியுமிடமாகத் தோன்றிற்று.

இக்கலவரங்களில் அடிபட்டவர் எல்லோரும் ஒரே வகையாகப் பாதிக்கப்படவில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். கொழும்பிலே உத்தியோகமும் யாழ்ப்பாணத்திலே காணியும் உடையவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடிருந்தது. பின்னர் கடல்கடந்து செல்ல வழியுமிருந்தது. மலையகத் தோட்டங்களினின்று 1977 இலும் 1983 இலும் விரட்டப்பட்ட தொழிலாளருக்கு இரண்டுமில்லை. அவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினர். தோட்டத்துப் பாடசாலையிலே ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த அப்பிள்ளைகள், புதிய மண்ணிலே எழுத்துக்கற்கத் தொடங்குமுன்னரே போர் அங்கும் வந்துவிட்டது. கலவரத்துக்கு அஞ்சி ஓடிவந்தோர் போரின் நடுவிலே அகப்பட்டுக்கொண்டனர். 2009 ஆம் ஆண்டின் பேரழிவிலே சிக்குண்ட வன்னி மக்களுட் கணிசமானோர் இவர்களும் இவர்களுடைய மக்களுமேயாவர்.

1990 யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு மின்சாரமில்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே இடம்பெற்றன. ஜாம் போத்தலினுள்ளே சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி, அவ்வொளியிலே பிள்ளைகள் படித்தனர். பாடசாலை முற்றங்களிலே பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. மக்கள் 'பொம்மர்' என்று அழைத்த விமானத்தின் ஒலி கேட்டதும் வகுப்பு முழுவதும் குழிக்குள்ளே இறங்கிற்று. ஒலி அடங்கியதும் மீண்டும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கிற்று. 1995 செப்டெம்பர் 22 ஆந் திகதி நாகர்கோவில் மகா வித்தியாலயச் சூழலிலே விழுந்த குண்டுகளுக்கு இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் பலியாயினர். மறுவருடம் செப்டெம்பரிலே உயர்தரப் பரீட்சையின் இரசாயன வினாத்தாளுக்கு விடையெழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டிக்குளி மாணவி ஒருத்தி, கைதடிச் சோதனைச் சாவடியிலே தடுத்து வைக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. அதன் பின்னர் சாவடியைக் கடந்து பரீட்சைக்குச் சென்ற ஒவ்வொரு மாணவியும் எத்தகைய மனத்துடன் வினாத்தாளைக் கையிலேற்றிருப்பாள் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும் துன்பத்தை நமது இனத்துக்கு மட்டுமே உரிய சொத்தாகக் கருதும் மனப்பான்மை வரலாற்றுக்கு முரணானது. 1990 ஒக்டோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டே மணி நேர அவகாசத்திலே வெளியேற்றினர். அம்மாதத்திலே வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோரின் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலே வளர்ந்தனர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே இடம் போதாத பாடசாலைகளிலே அவர்கள் 'அகதிப் பிள்ளைகள்' என்ற பெயருடன் அமர்ந்தனர். சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஓரிரவிலே வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அங்கே காலையிலே உள்ளூர்ப் பாடசாலையும் மாலையிலே இடம்பெயர்ந்த பாடசாலையுமாக ஒரே கட்டடத்திலே இரு பாடசாலைகள் இயங்கின. இரு திகதிகளும் ஒன்றாயமைந்தது தற்செயலே. ஆனால் கையிலே ஒரு பையுடன் தெருவிலே நடந்த இரு பிள்ளைகளின் மனத்திலே எழுந்த கேள்வி ஒன்றேயாகும்.

சிங்களப் பிள்ளைகளின் கதை என்ன? 1971 ஏப்பிரலிலே கிளர்ந்து மாண்ட கிராமத்து இளைஞர்கள் இலவசக் கல்வியின் முதற் பலன்கள். 1987 தொடக்கம் 1989 வரை தெற்கிலே ஜே.வி.பி.யின் கட்டளைகளுக்கும் அரசபடைகளின் பழிவாங்கலுக்குமிடையே பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாயிருந்தன. பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. பாடசாலைக்குச் செல்லும் வழியிலே எரியும் உடல்களைப் பிள்ளைகள் கடந்து சென்றனர். எம்பிலிப்பிட்டியிலே 1989 இலும் 1990 இலும் இருபதுக்கு மேற்பட்ட பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். அதிபரின் மகனுக்கும் மாணவர் சிலருக்குமிடையே எழுந்த அற்பப் பிணக்கே அதற்கு வித்திட்டது. 1999 இலே நீதிமன்றம் இராணுவத்தினர் சிலருடன் அவ்வதிபரையும் குற்றவாளியெனக் கண்டது. ஆசிரியர் கைகாட்டினால் மாணவன் மறைந்துபோகும் நாட்டிலே, வகுப்பறையிலே வாய்திறந்து கேள்வி கேட்க எந்தப் பிள்ளை துணியும்? 2008 பெப்ரவரியிலே கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் வெடித்த குண்டு டி. எஸ். சேனநாயக்க கல்லூரியின் பேஸ்போல் அணி மாணவர்களைக் கொன்றது. அக்கல்லூரியின் வகுப்புகளிலிருந்த பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

இவை போதாவென்று, பிள்ளைகளே போர்க்கருவிகளாக்கப்பட்டனர். விடுதலைப் புலிகளும், பின்னர் அவர்களினின்று பிரிந்த கிழக்கு அணியினரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரைப் படையிற் சேர்த்தமை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் பதிவேடுகளிலே காணக்கிடக்கின்றது. வீட்டிலிருந்து பாடசாலைக்குச் செல்லும் பாதையே ஆபத்தானபோது, பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலே மறைத்து வைத்தனர். பிடிபட்ட பிள்ளையின் கல்வி போயிற்று. ஒளிந்த பிள்ளையின் கல்வியும் போயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகள் பிள்ளைகளின் கல்வியைப் பாதிக்கும் என்பது வெளிப்படை. ஆனால் எவ்வாறு பாதிக்கின்றன? கட்டடம் இடிந்து, புத்தகம் எரிந்து, நாட்கள் வீணாவது ஒரு வகை. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். புத்தகத்தை மீண்டும் அச்சிடலாம். கண்ணுக்குப் புலனாகாத இன்னொரு வகையும் உண்டு. அச்சம் பிள்ளையின் கோழைத்தனமன்று. உயிரைக் காக்கும்பொருட்டு உடல் செய்யும் வேலையே அது. ஆபத்தை உணர்ந்ததும் இதயம் விரைகின்றது. கோட்டிசோல் முதலாய ஓமோன்கள் சுரக்கின்றன. புலன்கள் யாவும் ஆபத்து வரும் திசையை நோக்கித் திரும்புகின்றன. ஆபத்து ஒரு முறை வந்து போயின் உடல் அமைதியடையும். அது நாள்தோறும் வருமாயின், அல்லது எப்பொழுது வருமென்று தெரியாதிருக்குமாயின், விழிப்பு நிலை ஓயாது நீடிக்கின்றது. உறக்கம் கலைகின்றது. கணக்கொன்றை வாசித்து, அதிலுள்ள தரவுகளைச் சிறிது நேரம் மனத்திலே தாங்கி, விடையை நோக்கி நகர்த்துவதற்கு வேண்டிய தொழிற்படு ஞாபகம் தளர்கின்றது. பிள்ளையின் கண் கரும்பலகையிலே நிற்கும். காது மதிலுக்கு வெளியே நிற்கும். 'கவனமில்லாதவன்' என்று நாம் ஏசும் பிள்ளை உண்மையிலே மிகுந்த கவனத்துடனேயே இருக்கின்றான். அக்கவனம் பாடத்தின்மேலன்றிக் கதவின்மேலே இருக்கின்றது.

இதனை அளந்து காட்ட முடியுமா என்று வினவுவோர்க்கு, நமது நாட்டுக்கு மிக அப்பாலுள்ள ஒரு நகரத்தின் அனுபவம் பயன்படும். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்திலே கறுப்பின மக்கள் நெடுங்காலமாகத் தனிப்பேட்டைகளிலே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். வீடு விற்போரின் உடன்படிக்கைகளும் கடன் மறுத்த நிறுவனங்களும் எழுப்பிய அவ்வேலிகளுக்குள்ளே வறுமையும் வேலையின்மையும் துப்பாக்கியும் பெருகின. சமூகவியலாளரான பற்றிக் சார்க்கி 2010 இலே வெளியிட்ட ஆய்விலே, அந்நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் வாசிப்புச் சோதனை, சொல்லறிவுச் சோதனை ஆகியவற்றின் புள்ளிகளை அவர்களது அயலிலே நிகழ்ந்த கொலைகளின் திகதிகளோடு ஒப்பிட்டார். அவர் ஒப்பிட்டவர்கள் ஒரே அயலைச் சேர்ந்த பிள்ளைகள். ஒரு சாராருக்குச் சோதனை நடந்தது, அயலிலே கொலை நடந்த ஒரு வாரத்துக்குள். மறு சாராருக்கு வேறொரு காலத்தில். கொலைக்கு அடுத்த வாரத்திலே சோதனைக்கு அமர்ந்த பிள்ளைகளின் புள்ளிகள் அரை நியமவிலகலிலிருந்து ஏறத்தாழ மூன்றிலிரண்டு நியமவிலகல் வரை தாழ்ந்திருந்தன. நூறு பேர் கொண்ட வரிசையிலே ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளையை எழுபதாம் இடத்தளவுக்கோ அதற்கும் கீழேயோ தள்ளிவிடத்தக்க வீழ்ச்சி இது. அப்பிள்ளைகள் கொலையை நேரிலே கண்டிருக்க வேண்டியதுமில்லை. அயலிலே அது நிகழ்ந்தமையே போதியதாயிற்று.

ஒரு தெருவிலே நடந்த ஒரு கொலையின் விளைவு இதுவானால், முப்பதாண்டுக் காலம் குண்டும் ஷெல்லும் பொழிந்த மண்ணின் பிள்ளைகளைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. எனினும் அவர்களைப்பற்றிய ஆய்வுகளும் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க் காலத்திலேயே இதனை ஆராய்ந்து, மக்களின் மனக்காயங்களை ஆங்கில நூலாக 1998 இலே வெளிக்கொணர்ந்தார். ஜெர்மனியிலுள்ள கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்துத் தோமஸ் எல்பேட் முதலானோர் போராற் பாதிக்கப்பட்ட நமது பகுதிகளிலே 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2009 இலே வெளியாயிற்று. அப்பிள்ளைகளுள் 92 சதவீதத்தினர் சண்டை, குண்டுவீச்சு, அன்புக்குரியோரின் சாவு போன்ற கொடிய அனுபவங்களுக்கு உட்பட்டவர்கள். நால்வரில் ஒருவரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் காணப்பட்டது. அதன் தாக்கம் ஞாபகசக்திச் சோதனைகளிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் தெரிந்தது. இவ்வாய்விலே பிள்ளைகளைச் சந்தித்து விவரம் திரட்டியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்களே என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

போர் முடிந்துவிட்டதே, இன்று வகுப்பிலே இருப்போர் 2009 க்குப் பின்னர் பிறந்தவர்களன்றோ, அவர்களுக்கு ஏது ஷெல், ஏது பதுங்குகுழி என்று கேட்கலாம். இக்கேள்வியே பிரச்சினையின் மையமானது. வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ் மாணவர்களைப்பற்றிக் குளோடியா கற்றானியும் சகாக்களும் 2008 இலே வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. அப்பிள்ளைகளுள் 82 சதவீதத்தினர் போர்நிகழ்ச்சி ஒன்றையேனும் அனுபவித்திருந்தனர். ஆனால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வீட்டுக்குள்ளேயே ஏதேனுமொரு வன்முறையை அனுபவித்திருந்தனர். தந்தையின் மதுப்பழக்கம் வீட்டு வன்முறையோடு தொடர்புற்றிருந்தது. பிள்ளையின் மனநோய்க்குப் போரும் கடற்கோளும் மட்டுமல்ல, வீட்டின் அடியுதையும் காரணமாயிற்று. துப்பாக்கி ஓய்ந்த பின்னரும் வன்முறை எவ்வழியாகப் பயணஞ் செய்கின்றது என்பது இதனாலே தெளிவாகின்றது. தெருவிலிருந்து தந்தையின் உள்ளத்துக்கு, உள்ளத்திலிருந்து சாராயப் போத்தலுக்கு, போத்தலிலிருந்து தாயின் முதுகுக்கு, அங்கிருந்து பிள்ளையின் கொப்பிக்கு அது வந்து சேருகின்றது.

1995 இலே பத்து வயதுச் சிறுவனாய்த் தென்மராட்சிக்கு நடந்தவனும், 2009 இலே மெனிக் பாமின் முட்கம்பிக்குள்ளே பாடம் படித்தவளும் இன்று தாய் தந்தையர். காணாமற்போனோரைத் தேடும் குடும்பங்களிலே பிறந்த பிள்ளைகள், தாம் காணாத ஒருவரின் படத்தின் முன்னே வளர்கின்றனர். மீள்குடியேறிய கிராமத்திலே காணி இல்லை, நிரந்தரத் தொழிலில்லை, நுண்கடன் வசூலிப்போர் வாசலிலே நிற்கின்றனர். வேலையற்ற இளைஞர் சிலரின் கையிலே வாளும் போதைப்பொருளும் ஏறியுள்ளன. வாள்வெட்டுச் செய்தி இல்லாத வாரம் அரிது. தெற்கிலே 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் முஸ்லிம் மக்கள்மீது கும்பல்கள் பாய்ந்தன. 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் எல்லா இனத்துப் பிள்ளைகளும் பாடசாலை வாசலிலே பையைத் திறந்துகாட்டிய பின்னரே வகுப்புக்குச் சென்றனர். ஆகவே 'போருக்குப் பின் பிறந்த பிள்ளை' என்று ஒரு பிள்ளை இந்நாட்டிலே உண்டெனக் கொள்வது கடினம்.

இங்கே நம்மிடையே வழங்கும் ஒரு கதையையும் ஆராய்தல் வேண்டும். ஜாம் போத்தல் விளக்கிலே படித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆனவர்களின் கதையே அது. அது பொய்யன்று, அவர்களின் உறுதி போற்றத்தக்கது. ஆனால் அக்கதை பரிசளிப்பு விழாக்களிலே எதற்காகச் சொல்லப்படுகின்றது? 'அன்று அவ்வளவு துன்பத்திலும் அவன் படித்தான். இன்று உனக்கு என்ன குறை?' என்று மற்றைய பிள்ளைகளின் வாயை அடைப்பதற்காகவே. அதே விளக்கின் கீழே இருந்து எழுத்துத் தெரியாமற் கண்ணைக் கசக்கியவர்கள், விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாதவர்கள், இடம்பெயர்ந்த நான்காவது பாடசாலையோடு படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்படுவதில்லை. தேறியவனின் கதை தனிமனிதப் புகழ்; தேறாதவர்களின் கதையே சமூக வரலாறு. தேறியவனுக்குப் பின்னாலே தனியார் வகுப்புக்குக் கட்டணமும், கடல்கடந்த உறவினரின் உதவியும், படித்த பெற்றோரின் துணையும் இருந்தனவா என்பதையும் அவ்விழாக்கள் கேட்பதில்லை.

இவ்வாறு கூறுவது பிள்ளைகளைக் கைவிடுவதற்கான சமாதானமாகிவிடக்கூடாது. 'இவர்கள் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவு கட்டுவதும் அநீதியே. பழைய சாதித் திமிரின் புதிய வடிவமே அது. சிக்காகோ ஆய்வு காட்டிய வீழ்ச்சி, அறிவின் வீழ்ச்சியன்று, அச்சத்தின் விளைவு. அச்சம் நீங்குமிடத்து அறிவு தன் இடத்துக்குத் திரும்பும் வாய்ப்புண்டு. போரின் நடுவிலேயே நம்மவர் சிலர் இதனைச் செய்து காட்டினர். 1996 இலே மட்டக்களப்பிலே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக மண் பிசைந்து, படம் வரைந்து, கதை சொல்லி விளையாடினர். குழந்தை ம. சண்முகலிங்கம் முதலியோர் வளர்த்த சிறுவர் நாடகம் பேசாத பிள்ளைகளைப் பேச வைத்தது. சோமசுந்தரமும் சகாக்களும் ஆசிரியர்களுக்கு உளவளப் பயிற்சி அளித்தனர். இம்முயற்சிகளுக்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. பிள்ளையின் அச்சத்தை மதிக்கும் மனமே தேவைப்பட்டது.

அம்முயற்சிகளை ஒருசிலரின் தொண்டாக விட்டுவிடாது பாடசாலையின் கடமையாக்குவது நம்முன்னுள்ள வேலை. பாடசாலைகளிலே ஆலோசனைக்கென ஓர் ஆசிரியர் பெயர் குறிக்கப்படுவதுண்டு. ஆனால் அவர் நேரசூசியிலே முழுப் பாடங்களையும் சுமந்துகொண்டு, இடைவேளையிலே ஆலோசகராகும் நிலையே பெரும்பாலும் உள்ளது. அவருக்குப் பயிற்சியும் தனியறையும் பாடச்சுமைக் குறைப்பும் வேண்டும். பாதிக்கப்பட்ட கிராமங்களின் பாடசாலைகளுக்கு அனுபவமுள்ள ஆசிரியர்கள் வேண்டும். புதிதாக நியமனம் பெற்றவர்கள் இடமாற்றத்துக்குக் காத்திருக்கும் தங்குமடமாக அப்பாடசாலைகள் இருத்தலாகாது. மதிய உணவு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடுவதோடு இக்கோரிக்கைகளையும் தம் பதாகைகளிலே எழுதவேண்டும். ஏனெனில் இவையும் தொழிலாளரின் கோரிக்கைகளே. இப்பிள்ளைகள் தொழிலாளரின் பிள்ளைகளே.

எல்லாவற்றுக்கும் முதலாக ஒன்றைச் செய்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பாடசாலையிலே உடற்றண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை அனுப்பியது. ஆயினும் பிரம்பு முற்றாக மறைந்துவிடவில்லை. அது மறைந்தமையாலேயே பெறுபேறு வீழ்ந்தது என்று வாதிடுவோரும் உளர். தெருவிலே வாளையும் வீட்டிலே தந்தையின் கையையும் கண்டு அஞ்சி வரும் பிள்ளைக்கு வகுப்பறையிலே பிரம்பு காத்திருக்குமாயின், அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி ஆசிரியராகிவிடுகின்றார். அக்கண்ணியை அறுப்பதும் அவர் கையிலேயே உள்ளது. ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அச்சமின்றி இருக்கத்தக்க இடம் இந்நாட்டிலே ஒன்றாவது இருக்கவேண்டும். அவ்விடம் பள்ளிக்கூடமாக இருக்கட்டும்.

அடுத்த முறை பெறுபேற்றுப் பட்டியல் வெளிவரும்போது, எந்த மாகாணம் எத்தனையாம் இடத்திலே நிற்கின்றது என்று பார்ப்பதோடு நின்றுவிடாது, அப்பாடசாலையைச் சூழ்ந்த கிராமத்திலே நாற்பதாண்டுகளாக என்ன நடந்தது என்றும் கேட்போம். அக்கேள்வியைக் கேட்கும் ஆசிரியரே தமது வகுப்பிலே மௌனமாக இருக்கும் பிள்ளையின் பக்கத்திலே சென்று அமரும் தகுதியுடையவராவார்.